ஆட்டம் பார்க்காதவர்கள்

நான் சேர்ந்தபோது எங்கள் கல்லூரி சியர்லீடிங் அணியில், அதாவது ஆட்டத்தின்போது வித்தை காட்டிக் கூட்டத்தை உற்சாகப்படுத்துகிற அணியில், ஆண்கள் இரண்டே பேர். நானும், ஒரு பெண்ணைக் காதலித்து அவள் பின்னாலேயே வந்து சேர்ந்த ஒரு நெட்டையனும். அவள் விலகியதும் அவனும் விலகிவிட்டான். கோச் பிரூவிட் அம்மாள் சளைக்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் நின்றுகொண்டு, தோள் அகலமாக வெளியே வருகிற பையன்களை எல்லாம் மடக்க ஆரம்பித்தார்.

"தம்பி, இந்தப் பொண்ணத் தூக்கிக் காட்டு, பாப்போம்" என்பார். பக்கத்தில் கீலி ராட்லிஃப் சூயிங்கம் மென்றபடி நிற்பாள். கீலி பூஞ்சை உடம்புக்காரி. அவளைப்போல இரண்டு மடங்கு இரும்பைத் தூக்கிவிட்டு வந்தவன், அவளுடைய பாதங்களைக் கையில் வாங்கியதும் ஆடிப்போவான். இரும்பு மூச்சு விடாது, பெண் விடுவாள். அடுத்த நாளே அவன் ரோஷத்தோடு பயிற்சிக்கு வந்து நிற்பான். கோச்சுக்கு வேண்டியதும் அந்த ரோஷம்தான்.

இப்படியே என் மூன்றாம் வருடத்தில் பையன்கள் பெருகிவிட்டார்கள். பேருந்தில் இடம் போதவில்லை. கால்சட்டை போதாமல், கூடைப்பந்து அணியின் பழைய கால்சட்டைகளைக் கேட்டு வாங்கினோம். கென்டக்கி மலைப்பக்கத்தில் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்கு இது பெரிய விஷயம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பூன் டாக்கெட் வந்து சேரும்வரை.

பூன் அமெரிக்கக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம், ஆடியவன். முழங்கால் போனதும் அவனைக் கழற்றிவிட்டார்கள். கோச் அவனைக் கூட்டிவந்து, நேராகக் கீலிக்குக் கீழே நிறுத்தினார். அது என் இடம். முதல் வருடத்திலிருந்து கீலியைத் தலைக்கு மேலே தாங்கியவன் நான். அவளுடைய இடது பாதம் உள்பக்கம் கொஞ்சம் சாயும் என்பது அவளைவிட என் உள்ளங்கைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"கொஞ்ச நாள் பாக்கலாம், நோலன். நீ பின்னால காவல் நில்லு" என்றார் கோச். "சனிக்கிழம மேட்ச் முடியட்டும். ஃப்ளோரிடாவுல நடக்கற சியர்லீடிங் போட்டிக்குக் கீலிய யாரு தூக்கறதுன்னு அப்பறம் சொல்றேன்."

காவல் என்றால், தாங்குபவனுக்குப் பின்னால் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பது. அவள் சரிந்தால் தலை தரையில் படாமல் பிடிக்க வேண்டும். சரியவில்லை என்றால் வேலை இல்லை. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் என்னைப் பெற்றவளே நம்பமாட்டாள்.

எங்களுக்குள் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, பெண்ணைத் தாங்குகிறவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. முகம் கூட்டத்தை நோக்கி, கண் மேலே அவள்மீது. மைதானம் முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தம், அவ்வளவுதான். இரண்டாவது, விழுந்தவள் உடனே ஏற வேண்டும், அதுவும் அவளைக் கீழே போட்ட அதே கைகளிலேயே. டெஸ் என்று ஒருத்தி விழுந்த பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். நாளைக்கு ஏறுகிறேன் என்றாள். இன்றுவரை கையில் ஒலிபெருக்கியோடு கீழேயேதான் நிற்கிறாள்.

பூனுக்கு இரண்டாவது சட்டம் புரிந்தது. முதலாவதுதான் ஒட்டவில்லை. கீலியை இறக்கிவிட்ட மறுகணமே, "ஸ்கோர் என்னடா?" என்று யாரையாவது பிடுங்குவான்.

அந்தச் சனிக்கிழமை வேலி ஓரமாக நடந்தபோது, பூனின் பழைய கால்பந்துக் கூட்டாளிகள் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சிலிருந்து கத்தினார்கள். "டேய் பூன், பாவாட எங்கடா?"

"நீதான பெஞ்சத் தொடைக்கத் துணி கேட்ட? குடுத்துட்டேனே!" என்றான் பூன். நானே சிரித்துவிட்டேன். அவனை வெறுப்பது அத்தனை எளிதாக இல்லை.

இரண்டாம் பாதியில் கீலி மேலே போனாள். அருமையாகப் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பாதங்களும் பூனின் கைகளில் நின்றன. பிறகு ஒரு காலை மடக்கி, ஒற்றைக் காலில் நிமிர்ந்தாள். அப்போது எங்களுக்கு எதிரே கூட்டமே எழுந்து அலறியது. முதுகுக்குப் பின்னால் யாரோ பந்தோடு ஓடுகிறான். அந்தச் சத்தத்துக்கு ஓடியே வளர்ந்தவன் பூன். தலை திரும்பியது. தலையோடு தோள் திரும்பியது. தோளோடு கையும் போனது.

கீலி பின்பக்கமாக, என்மேல் வந்து விழுந்தாள். அவள் முதுகைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவளுடைய முழங்கை என் மூக்கில் இறங்கியது. இருவரும் ஓடுதளத்தில் உட்கார்ந்தோம். அவள் தலை தரையில் படவில்லை. என் சட்டை முன்புறம் சிவப்பாகிவிட்டது.

பூன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். பிறகு வெளிவாசலை நோக்கி நடந்தான்.

கோச் ஓடிவந்து கீலியின் கழுத்தையும் கணுக்காலையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பூன் போவதைப் பார்த்து அவர் முகம் இறுகியது.

"விடு, போறான். நோலன், மூக்கத் தொடச்சுக்க. நீயே தூக்கு."

வாரக்கணக்கில் நான் காத்திருந்த வார்த்தை அது. மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்று கைகளைக் கோத்தேன். கீலி சரி என்று தலையாட்டினாள். பாதத்தை வைத்தாள். பாதம் நடுங்கியது. எடுத்தாள், மறுபடி வைத்தாள், எடுத்துவிட்டாள்.

"உன் மேல ஒன்னுமில்ல நோலன்" என்றாள். "கால்தான்... வரமாட்டேங்குது."

எனக்குப் புரிந்தது. அவள் விழுந்தது என் கையிலிருந்து அல்லவே. நான் இன்றைக்கு எத்தனை உயரம் தூக்கினாலும், அந்தப் பயம் பூனின் கையிலேயே இருக்கும். பக்கத்தில் டெஸ் ஒலிபெருக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் பூனின் பின்னால் ஓடினேன். அவன் போகட்டும் என்று மனதில் ஒரு பாதி சொல்லிக்கொண்டே வந்தது.

வாசலில் பிடித்தேன். "எங்கடா போற?"

"கீழ போட்டுட்டேன்டா. நான் இதுக்கு லாயக்கில்ல."

"கீழ எங்க போட்ட? என் மூக்கு மேல போட்ட. வா."

"நீயே தூக்கு. உனக்கும் அதான வேணும்?"

"ஆமா, அதான் வேணும். இல்லேங்கல. ஆனா நீ வரலன்னா அவ இனி யாருகிட்டயும் ஏறமாட்டா. எனக்காக வர வேணாம். நடடா!"

அவன் என் சட்டையைப் பார்த்தான். திரும்பி நடந்தான்.

கீலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னொரு தடவ திரும்புன, இறங்கி வந்து ஒதப்பேன்."

"சரி" என்றான் பூன்.

பாதம் வைத்தாள். நடுக்கம் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை. அது அடங்கும்வரை குனிந்தபடியே காத்திருந்தான். பிறகு எழுப்பினான். அவள் தலைக்கு மேலே போய், ஒற்றைக் காலில் நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கணம் பார்த்துத்தானா மறுபடி அப்படியொரு சத்தம் வர வேண்டும்! முன்னதைவிடப் பெரிய சத்தம். நின்றிருந்த தளமே அதிர்ந்தது. பூனின் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. கண் மட்டும் அவள் பாதத்தை விட்டு நகரவில்லை. என் உதட்டில் ரத்தம் வழிந்து உப்புக் கரித்தது. கையைக் கீழே இறக்கித் துடைக்க எனக்கும் தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோச் சுற்றி வளைக்கவில்லை. "ஃப்ளோரிடாவுக்குக் கீலியும் பூனும். பின்னால நோலன்." எனக்கு வலித்தது. மூக்கைச் சொல்லவில்லை.

மூவரும் வழக்கமான கடைக்குச் சாப்பிடப் போனோம். கீலி நடுவில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த கோழி வறுவலில் பெரிய துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். பரிமாறுகிற பெரியவர் எங்கள் சீருடையையும் என் மூக்கையும் பார்த்துவிட்டு, பூனின் பக்கம் திரும்பினார். ஊரில் அவனைத் தெரியாதவர் இல்லை.

"என்ன பூன், ஜெயிச்சோமா?"

பூன் கீலியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"தெரியாதுங்க" என்றான். "நாங்க பாக்கல."