வால்தெமாரின் பத்தியம்

துராஸ்னோ ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு கறி சுடும் புகை. வால்தெமார் காலையிலிருந்து தெளிந்த சூப்பும் மஞ்சள் ஜெல்லியும் மட்டும் விழுங்கிக்கொண்டு, மச்சினன் வீட்டு அடுப்பில் எல்லாருக்கும் கறி திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பாவம்தான். ஆனால் ரொம்பப் பரிதாபப்பட வேண்டாம், ஆள் லேசுப்பட்டவரில்லை.

குடலில் புற்றுநோய் வந்து, ஒரு முழத்துக்கு வெட்டியெடுத்து இரண்டு வருடமாகிறது. திரும்ப வந்திருக்கிறதா என்று உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்; குடல் காலியாக இருக்க முந்தின நாள் பத்தியம். முதல் தடவை சளி என்று தட்டிக்கழித்தார். அடுத்த தடவை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாராம், நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர்! இந்தத் தடவை திங்கள் காலை எட்டு மணிக்கு என்று மனைவி சுல்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு அவள் முன்னால் வந்து நின்றார். மீசையெல்லாம் எண்ணெய்.

"ஐயையோ சுல்மா, மோசம் போயிட்டேன்! வெந்துருச்சான்னு பார்க்க ஒரு சாசேஜை வாயில வச்சேன், அது பாட்டுக்கு உள்ள போயிருச்சு."

"ஒண்ணா?"

"ரொட்டியோட ரெண்டு. நாளைக்குக் கேமரா விட்டா சாசேஜ்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேற தேதி கேளு." முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

சுல்மா மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "இன்னொண்ணும் தின்னுக்கோ. டெஸ்ட் செவ்வாய்க்கிழமைதான்," என்றாள்.

"என்னது?"

"உன்னோட நாப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். இப்படி எதையாவது பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? அதான் ஒரு நாள் முன்னாடியே சொல்லி வச்சேன். நிஜப் பத்தியம் நாளைக்கு."

மச்சினன் குடும்பமே விழுந்து விழுந்து சிரித்தது. வால்தெமார் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குடி. திரும்ப வந்திருந்தா?"

"வந்திருந்தா சின்னதா இருக்கறப்பவே பிடிச்சிரலாம். பார்க்காமலே விட்டா?" அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் பயமில்லையா, படுபாவி? தூங்கறப்ப நீ மூச்சு விடுறியான்னு பார்த்துக்கிட்டே கிடக்கேன்."

அவர் எழுந்து போய், நன்றாகச் சிவந்த சாசேஜ் ஒன்றை ரொட்டியில் வைத்துக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்.

"காலையிலேர்ந்து நீயும் ஒண்ணும் சாப்பிடல, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாப்பிடு. செவ்வாய்க்கிழமை நான் உள்ள போறப்ப, வெளிய நீ தெம்பா உக்காந்திருக்கணும்."