பாலம் தெரியும் ஜன்னல்

பல் டாக்டருக்கு விடுமுறை வந்தால் யாரோ செத்த இடத்துக்குப் பயணம் என்று அர்த்தம். நிஜமாகச் செத்தவர்கள் இல்லை, நாவலில் செத்தவர்கள். கதாநாயகன் விழுந்த ஆறு, கதாநாயகி இருமி இருமி உயிர்விட்ட ஆஸ்பத்திரி, இரண்டு பேரும் சேர்ந்து விஷம் குடித்த விடுதி என்று வருஷத்துக்கு ஒன்று. ஒரு தடவையாவது நாலு பேர் சிரித்த இடத்துக்குக் கூட்டிப் போகக்கூடாதா என்று அவள் கணவர் கேட்டுப் பார்த்தார். அப்படிப்பட்ட நாவலை யாரும் நன்றாக எழுதவில்லை என்று சொல்லிவிட்டாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது, அவளும் அப்படியே கூப்பிட்டாள். கடவாய்ப்பல் வலி என்று முதன்முதலாக வந்தவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்க வைத்து, அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையை முழுதாகச் சொல்லி முடித்தாள். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் மாஸ்டர் குறுக்கே பேசவில்லை. இவ்வளவு நல்ல ரசிகர் இனி எங்கே கிடைப்பார் என்று கட்டிக்கொண்டாள். மனிதர் சாலை விதிப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் புரட்டியதில்லை என்பது பஞ்சை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

இந்த வருஷம் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த நாவலின் முறை. பதினெட்டு வயதில் படித்தது. ஒருவன் ஒருத்தியைக் காதலிக்கிறான். பாலத்தில் நின்று, "உன் நினைவு ஒன்றே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டுக் கடல் கடந்து போகிறான். அவள் மாடி ஜன்னலில் நின்று அந்தப் பாலத்தையே பார்த்துப் பார்த்து, நோய் வந்து, ஜன்னலோரமே சாகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் திரும்பி வந்து ஜன்னலுக்குக் கீழே பூ வைக்கிறான். அந்த ஜன்னலில் ஒரே ஒரு தடவை நின்று பார்த்துவிட வேண்டும், டாக்டருக்கு வேறு ஆசை இல்லை.

ரயிலில் மாஸ்டரின் போன் உயிரை விட்டது. ரயில் பெட்டியில் இருந்த சார்ஜ் பாயிண்டும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் எதிரே தூங்கியவரின் வாயைப் பார்த்தார். பிறகு மனைவியின் மடியிலிருந்த நாவலை எடுத்துப் பிரித்தார்.

டாக்டர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நடக்காதது நடக்கிறதே!

"எந்த அத்தியாயத்துல இருக்கீங்க? மழைக் காட்சி வந்துடுச்சா?"

"பேசாத."

இறங்கும்போது மாஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன. டாக்டருக்கு உருகிவிட்டது. "அழுதீங்களா?" என்று கையைப் பிடித்தாள்.

"அழறதா? அந்தப் பய மட்டும் என் கையில கிடைக்கட்டும். ஒரு தபால் போடக் கையில சுளுக்கா அவனுக்கு?"

பிடித்த கையை அவள் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, நாவல் நடந்த தெருக்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி குடையும் கையுமாக வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, குடை கூட்டத்துக்கு அடையாளம். பின்னால் வந்த வாசகர்கள் எல்லோர் கையிலும் அதே நாவல், பாதிப் பேர் கண்ணில் முன்கூட்டியே ஈரம். பாலத்துக்கு வந்ததும் வழிகாட்டி, பிரிவுக் காட்சியை யாராவது வாசிக்க வேண்டும் என்றார். "சார், உங்க குரல் கணீர்னு இருக்கு, நீங்க வாசிங்க."

பக்கத்து இருக்கையிலிருந்து "பிரேக்! பிரேக்!" என்று அலறி அலறித் தீட்டிய குரல் அது. மாஸ்டர் நன்றாகவே வாசித்தார். முக்கியமான வரி வந்ததும் நிறுத்திவிட்டார்.

"சார், அடுத்த வரி," என்றார் வழிகாட்டி.

"வாசிக்க மாட்டேன். ஒருத்தன் பொய் சொல்றான், அதை நான் ஏன் என் வாயால சொல்லணும்? நினைவு மட்டும் போதும்னா என்ன அர்த்தம்? நீ வேண்டாம்னு அர்த்தம்."

"சார், இது அமரக் காதல்!"

"அமரர் ஆனது அந்தப் பொண்ணு மட்டும்தான். இவன் நல்லாத்தானே திரும்பி வர்றான்? தொப்பையோட வர்றான்னு எழுதியிருக்கு. முப்பத்தி ஆறாம் அத்தியாயம்."

டாக்டருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. ஆனால் கூட்டத்திலிருந்த தடித்த கண்ணாடிக்காரம்மா ஒருத்தி, "நான் நாலாவது தடவை வர்றேன். மூணு தடவை அழுது தொலைச்சேன். இந்த சார் சொல்றதுதான் சரி," என்று மாஸ்டர் பக்கம் போய் நின்றாள். பின்னாலேயே இன்னும் இருவர். எதிர்க்கட்சியில் ஒருவர், என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டு, காதலைப் பற்றி டிரைவிங் மாஸ்டருக்கு என்ன தெரியும் என்றார். "வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு இறங்கி ஓடக்கூடாதுன்னு தெரியும்," என்றார் மாஸ்டர். வழிகாட்டி குடையை உயர்த்தி, எல்லோரையும் கிட்டத்தட்ட விரட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார்.

கீழே சலவைக்கடை, மேலே அந்த ஜன்னல். ஜன்னல் கம்பியில் மூன்று உள்பாவாடைகள் காய்ந்தன. "மேலே போக அனுமதியில்லை, குடியிருப்பவங்க கொஞ்சம் கோபக்காரங்க," என்று வழிகாட்டி சொல்லி வாய் மூடவில்லை, உள்பாவாடைகளுக்கு நடுவே ஒரு முகம் முளைத்தது.

"தினம் தினம் வந்து என் வீட்டு வாசல்ல ஒப்பாரி வைக்கிறீங்களே, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்!"

மற்றவர்கள் பின்வாங்கினார்கள். டாக்டர் மட்டும் அந்த முகத்தையே பார்த்தாள். இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"எத்தனை நாளா வீக்கம்?"

"மூணு நாளா. உங்களுக்கென்ன?"

"கீழ்க் கடைசிப் பல்லா? விழுங்கும்போது காது வரைக்கும் இழுக்குதா?"

அந்த முகம் சட்டென்று இளகியது. "நீங்க யாருக்கா?"

"பல் டாக்டர்."

"மேல வாங்கக்கா, மேல வாங்க!"

கூட்டமே வயிறெரிந்து பார்க்க, டாக்டர் படியேறினாள். கை கழுவி, போன் வெளிச்சத்தில், கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தாள். ஞானப்பல்லில் சீழ். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லி, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கழுத்து வரை இறங்கும் என்று மிரட்டி வைத்தாள். அப்புறம் கூச்சத்தோடு, "அந்த ஜன்னல்ல ஒரு நிமிஷம் நிக்கலாமா?" என்றாள்.

உள்பாவாடைகளை ஒதுக்கிவிட்டு நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே ஒரு கிடங்கின் பின்சுவர். இடது பக்கம் பார்த்தாலும் சுவர், வலது பக்கம் பார்த்தாலும் சுவர். பாலத்தின் வாசனைகூட இல்லை.

"இந்தச் சுவர் எப்ப கட்டினது?"

"என் மாமனாரோட தாத்தா காலத்துலயே இருந்துச்சாம். பாலமா தேடுறீங்க? அது குளியலறையில இருந்துதான் தெரியும். வாளியைக் கவுத்து ஏறணும்."

டாக்டர் ஏறினாள். காற்றுத் துவாரத்தில், ஷாம்பு பாட்டிலுக்கும் பல்துலக்கிக் குவளைக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்குப் பாலம் தெரிந்தது. அதன் மேல் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். சலவைப்பொடி நெடியில் தும்மல்தான் வந்தது.

கீழே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "பாலம் தெரிஞ்சுதா?" என்று தழுதழுத்தார் வழிகாட்டி.

"நல்லாத் தெரிஞ்சுது," என்றாள். எங்கிருந்து என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில்தான் மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னாள். விழுந்து விழுந்து சிரிப்பார், ஆயுளுக்கும் குத்திக்காட்டுவார் என்று நினைத்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அப்ப அந்தப் பொண்ணு, உடம்பு முடியாம, ஈரத்துல, தினமும் வாளி மேல ஏறி நின்னாளா? அவனுக்காகவா?"

ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது, பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவரை ஒரு கதாநாயகிக்காக யாரும் இவ்வளவு நேர்மையாக வருத்தப்பட்டு அவள் பார்த்ததில்லை, தன்னையும் சேர்த்து. அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இதை எழுதின ஆளு இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"செத்து ரொம்ப காலமாச்சு."

"எங்க செத்தான்?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த விடுமுறை எப்போது என்று யோசிக்கத் தொடங்கினாள்.