சுப்ரஜாவின் அக்கா

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு நாடகத்தின் துண்டறிக்கைக்காக ஒரு பக்கம் கேட்டார்கள். கேட்டவன் ஜெயகிருஷ்ணன், கல்லூரியில் என் வகுப்பு. சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நாடகம் போடுகிறான். இந்த முறை மிகப் பழைய ஒரு நாடகம், வேறு தேசத்துடையது. ஒரு ராஜாவிடம் அவன் செய்யப்போகும் பாவத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். செய்யாமலிருக்க ஊரை விட்டு ஓடுகிறான். ஓடுகிற வழியிலேயே அதைச் செய்து முடிக்கிறான். செய்தது அவனுக்கே தெரியாது.

“மச்சான், ஒரே பக்கம். கதைச் சுருக்கம் வேணாம், கதை எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச கதைய எதுக்கு வந்து பாக்கணும்? அத மட்டும் எழுது.”

“வேற ஆள் கிடைக்கலையா?”

“கிடைச்சாங்க. எல்லாரும் நாலு பக்கம் எழுதறாங்க.”

(சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. போன மழைக்காலத்தில் என் மனைவி சுப்ரஜா இறந்துபோனாள். அதன்பிறகு நண்பர்கள் எனக்கு ஏதாவது வேலை கொடுத்தபடி இருக்கிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: “விதி என்பது”

(இதற்கு மேல் போகவில்லை. இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: “அந்த ராஜா குற்றத்தைத் தெரியாமல் செய்தான். தெரிந்தே செய்திருந்தால்”

(இங்கே நிறுத்தி, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.)

மூன்றாம் தொடக்கம்: “என் முதல் மனைவி ஒரு வாழைமரம்.”

இதை அடிக்கவில்லை. துண்டறிக்கைக்கு ஆகாது என்று தெரிந்தது. இருந்தாலும் தொடர்ந்தேன்.

3

எங்களுடையது காதல் கல்யாணம். சுப்ரஜா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் வீட்டில் ஜாதகம் கேட்கவில்லை. என் அம்மா பட்டு மட்டும் யாரிடமும் சொல்லாமல் பல்லாவரத்தில் ஒரு ஜோசியரிடம் போய்விட்டு வந்தாள். வந்தவள் சாப்பிடவில்லை.

ஜோசியர் சொன்னது இதுதான். என் ஜாதகத்தில் ஏழாம் இடம் சரியில்லை. என்னைக் கட்டிக்கொள்கிறவளுக்கு ஆயுள் குறைவு. பரிகாரம் உண்டு. முதலில் ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்ட வேண்டும். கட்டியதும் மரத்தை வெட்டிவிட வேண்டும். முதல் தாரம் போய்விட்டாள் என்று கணக்கு. அதன்பிறகு வருகிறவளைத் தோஷம் தொடாது.

“நீ நம்ப வேண்டாம்டா. எனக்காகக் கட்டு” என்றாள் அம்மா.

நாங்கள் இருப்பது சேலையூரில், மூன்றாவது மாடி. எங்களுக்குச் சொந்தமான மண் துளசித் தொட்டியில் இருப்பது மட்டும்தான். ஆகவே இரும்புலியூருக்குப் போனோம். அங்கே ஜெயவேலு அண்ணன் வீட்டில் முன்பு வாடகைக்கு இருந்தோம். வீட்டின் பின்னால், கிணற்றை ஒட்டி அவருக்கு நாலைந்து வாழை உண்டு. அவர் மனைவி கீதா அக்கா ஒரு மரத்துக்கு மஞ்சள் பூசி, தன்னுடைய புடவை ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார். நான் மஞ்சள் கயிறு கட்டினேன். வாத்தியார் மந்திரம் சொன்னார். மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போனது, மந்திரம் கேட்கவில்லை.

“இனிமே திரும்பிப் பார்க்கப்படாது” என்றார் வாத்தியார். அவரும் அம்மாவும் நானும் நடந்தோம். பின்னால் ஜெயவேலு அண்ணன் அரிவாளோடு நின்றார். மரம் சாயும் சத்தம் கேட்டது.

இதைச் சுப்ரஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று பயம்.

(அது பாதிதான். சொன்னால் கல்யாணம் வேண்டாம் என்பாளோ என்றும் பயம்.)

இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தோம். பிறகு மழை, காய்ச்சல், டெங்கு.

4

இந்தக் கதையின் நாயகன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் எந்த இடத்திலும் அழவில்லை. ராஜா கடைசியில் தன் கண்களையே குத்திக்கொள்கிறான். இவன் பதினாறாம் நாள் முடிந்ததும் ஆபீசுக்குப் போனான். (பல்லாவரத்துக்கு, ரயிலில். தாம்பரத்தில் ஏறினால் ஜன்னல் இருக்கை கிடைக்கும். கிடைத்தது.)

ராஜாவை நான் மன்னித்துவிடுவேன். அவனுக்குத் தெரியாது. இவனுக்கு முடிவு தெரியும். தெரிந்தும் அவளைக் கூட்டிவந்து, ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தான். ஜோசியத்தை நம்பவில்லை என்பான். நம்பாதவன் ஏன் மறைத்தான்? நம்பாதவன் ஏன் அவள் இருமினால் எழுந்து உட்கார்ந்தான்? இதை ஒரு பக்கத்துக்குள் எப்படி

(இந்த வாக்கியம் முடியவில்லை.)

இன்னொரு சிக்கல், எழுத்துச் சிக்கல். “மரம் சாயும் சத்தம் கேட்டது” என்று எழுதியிருக்கிறேன். வாழைமரம் எப்படிச் சாயும்? தொப்பென்றா, சரசரவென்றா? நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தவர்களைக் கேட்கலாம் என்று கிளம்பினேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. கீதா அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

(சாவுக்குப் பிறகு அவர் இப்படித்தான். ஒருமுறை எதிரே வந்தவர் என்னைக் கண்டு ஜி.எஸ்.டி. ரோட்டையே கடந்து அந்தப் பக்கம் போனார். அந்த ரோட்டைக் கடப்பது சும்மா இல்லை. மனைவியை இழந்தவன் முகத்தைப் பார்க்கப் பலருக்குச் சங்கடம், அதுதான் என்று நினைத்திருந்தேன்.)

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்த மரம் எந்தப் பக்கம் சாஞ்சுது?”

“எந்த மரம்?”

“நான் தாலி கட்டின மரம்.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “யாரு சொன்னா உனக்கு?”

“எத?”

“அதான்... வெட்டலன்னு.”

கதை எழுதுகிறவன் இந்த இடத்தில் ஒரு பத்தி நிறுத்தியிருப்பான். கீதா அக்கா நிறுத்தவில்லை. படியில் உட்கார்ந்து, அத்தனை மாதமாக அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் சொன்னார்.

“உன் வூட்டுக்காரிதான். முந்தின நாளு ஸ்கூட்டில வந்துச்சு. ‘நாளைக்கு ஒருத்தர் உங்க மரத்துக்குத் தாலி கட்ட வர்றாரு. அதுக்கப்புறம் என்னைக் கட்டிக்கப் போறாரு’ன்னு சொல்லிட்டுச் சிரிக்குது. இன்னாடா இது பேஜாருன்னு நின்னேன். ‘வெட்டிடாதீங்க அக்கா. எனக்குப் பதிலா ஒண்ணு சாவணுமா, அது மரமாவே இருந்தாலும்?’னு கேக்குது.”

“ஜெயவேலு அண்ணன் ஒத்துக்கிட்டாரா?”

“எங்க? ‘ஐயருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது’ன்னு குதிச்சாரு. பக்கத்துல தாறு வெட்டின மொட்ட மரம் ஒண்ணு நின்னுகினு இருந்துச்சு. அதக் காட்டி, ‘இத வெட்டுங்க அண்ணா, சத்தம் ஒண்ணுதான்’னுச்சு. இவரு வாய மூடிக்கினாரு.”

சுப்ரஜாதான். விடை தெரிந்துவிட்டால் வழிமுறையைத் தானே கண்டுபிடித்துக்கொள்வாள்.

“கல்யாணத்துக்கு அப்பறமும் வரும். ‘அக்கா எப்பிடி இருக்காங்க?’ன்னு கேக்கும். ‘எனக்கின்னா, நல்லா கீறேன்’னா, ‘உங்கள இல்ல, எங்க மூத்தவங்கள’ன்னு பின்னால ஓடும். மரம் பெருக்கப் பெருக்கக் கயிறு இறுகிச்சு. அதுதான் வந்து முடிச்சத் தளத்தி வுட்டுச்சு. தாறு வெட்டினப்ப ஒரு சீப்பு எடுத்துகினு போச்சு, உனக்குப் புடிக்கும்னு.”

(சாப்பாட்டு மேஜையில் ஒரு சீப்புப் பூவன் பழம். “எங்க வாங்கின?” “வாங்கல. சொந்தக்காரங்க கொடுத்தாங்க.” எந்தச் சொந்தக்காரர் என்று நான் கேட்கவில்லை. நல்ல பழம். ஒரே நாளில் தின்று தீர்த்தேன்.)

பிறகு கீதா அக்கா அழுதார்.

“நாங்கதான் அதக் கொன்னுட்டோம். அன்னிக்கே வெட்டித் தொலைச்சிருந்தா இன்னிக்கு அது உன் வூட்ல இருந்திருக்கும். இவரு அந்த அரிவாளத் தொடறதே இல்ல. தேங்கா வெட்டக்கூட பக்கத்து வூட்ல வாங்கறாரு. உன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?”

“இல்லக்கா” என்றேன். “அது கொசு.”

“இன்னா?”

“கொசு. டெங்கு. அந்த மழையில எங்க தெருவுல எத்தனை பேருக்கு வந்துச்சு. அவங்க வீட்டுல யாரும் மரத்துக்குத் தாலி கட்டல. சிலர் பொழச்சாங்க. இவ பொழைக்கல. உங்க மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நெசமாவா?”

“நெசமாதான்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிஜமாகச் சொல்லுகிறேனா, சமாதானம் செய்கிறேனா என்று பார்த்தார். நானும் அதைத்தான் கவனித்தேன். சமாதானம் செய்யவில்லை. இதே வார்த்தைகளை டாக்டர் சொல்லியிருக்கிறார், ஜெயகிருஷ்ணன் சொல்லியிருக்கிறான். என் குரலில் நான் கேட்டதில்லை. கேட்டபோது அது உண்மையைப் போல இருந்தது. மார்பில் ஏதோ ஓர் இடத்தில் முடிச்சுத் தளர்ந்தது.

“காப்பி குடிக்கிறியா?” என்றார் கீதா அக்கா.

“குடுங்க.”

6

வீட்டில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஜோசியர் சொன்னத அவகிட்ட சொன்னியா?”

கத்தி நின்றது. “சொன்னேன். தெரியாம ஒரு பொண்ண மணையில உட்கார்த்தி வெக்கப்படாதுன்னு தோணித்து.”

“என்ன சொன்னா?”

“‘அவருக்குத் தெரியுமா?’ன்னா. தெரியும்னேன். ‘அதான் ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வெச்சுண்டிருக்காரா?’ன்னு சிரிச்சா. உங்கிட்ட சொல்லப்படாதுன்னுட்டா.”

“ஏன்?”

“‘அவரே சொல்லுவார், காத்துண்டிருக்கேன்’னா.”

(இங்கே ஒரு வரி எழுதி அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். இந்த ஒன்றை மட்டும் கொசுவின் தலையில் போட முடியவில்லை.)

“நான் அந்த ஜோசியர்கிட்ட போகாமலே இருந்திருக்கலாம்டா” என்றாள் அம்மா. “போனதாலதான் வந்ததோ என்னமோ.”

அவளிடமும் சொன்னேன். இரண்டாம் முறை இன்னும் சுலபமாக வந்தது.

7

பழைய நாடகத்தில் ராஜா குற்றவாளியைத் தேடுகிறான். தேடித்தேடிக் கடைசியில் தன்னிடமே வந்து நிற்கிறான். எங்கள் கதையில் யாரும் தேடவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லோரும் கையைத் தூக்கிவிட்டோம். மறைத்ததால் நான். ஜோசியரைப் பார்த்ததால் அம்மா. வெட்டாததால் கீதா அக்காவும் ஜெயவேலு அண்ணனும். ஒரு சாவுக்கு நான்கு ராஜாக்கள். ஒருவரை ஒருவர் பார்த்துவிடாமல் இருக்க ரோட்டைக் கடந்துகொண்டிருந்தோம்.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மரம் வெட்டப்பட்டது. ஆனாலும் அவள் இறந்தாள். விதி வலியது. (இதைத்தான் இவ்வளவு நாள் வைத்திருந்தேன்.)

ஆ. மரம் வெட்டப்படவில்லை. அதனால் அவள் இறந்தாள். (இது கீதா அக்காவுடையது. வாங்கி வைத்துக்கொண்டேன், இனி அவருக்கு வேண்டியதில்லை.)

இ. மரம் ஒரு மரம். கொசு ஒரு கொசு.

மூன்றிலும் சுப்ரஜா இறக்கிறாள். அவள் பிழைக்கும் முடிவு ஒன்றையும் எழுதிப் பார்த்தேன். அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு மாடிப்படி ஏறி

(அதை இங்கே வைக்கப்போவதில்லை.)

ஜெயகிருஷ்ணனுக்கு வேறொன்று எழுதி அனுப்பினேன்: “நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு முடிவு தெரியும். மேடையில் நிற்பவனுக்குத்தான் தெரியாது. ஐயோ பாவம் என்று அவனைப் பார்க்கிறோம். நான் ஒருத்தியை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேடையில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறாள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்துதான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். முடிவுக்காக அல்ல, நடுவில் இருப்பதற்காக.”

போனில் கூப்பிட்டான்.

“மச்சான், அரைப் பக்கம்கூட வரல.”

“போதாதா?”

“போதும்டா” என்றான். “எழுத்தப் பெருசாக்கிப் போட்டுக்கறேன்.”

8

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது கீதா அக்கா கடப்பாரை எடுத்துவந்து, வாழையடியில் ஒரு கன்றைப் பெயர்த்துக் கோணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

“இது அதோட பேத்தி. எடுத்துகினு போ.”

“மூணாவது மாடிக்கா. எங்க வெப்பேன்?”

“அது எனக்கு இன்னா தெரியும்?”

பைக்கில் முன்னால் நிற்க வைத்துக் கொண்டுவந்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது பால்கனியில், பக்கெட்டில் நிற்கிறது. குருத்து ஒன்று சுருள் பிரிகிறது. அம்மா மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் பக்கெட் வாழைக்குப் போதாது.

ஆகவே இந்த முடிவை நான் எழுதவில்லை, கொடுக்கிறேன். உங்கள் வீட்டின் பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். தண்ணீர் மட்டும் வேண்டும். ஒரு தாறு போட்டதும் அது தானாகவே போய்விடும், பக்கத்தில் இன்னொரு கன்று நிற்கும். அதற்கு முன்னால் யாராவது அரிவாளோடு வந்தால், ஏதாவது ஒரு மொட்டை மரத்தைக் காட்டுங்கள்.

சத்தம் ஒன்றுதான்.