அமுத்துங்க, அமத்துங்க

ராஜராஜன் புதுப் போன் வாங்கிய அன்றைக்கே வீட்டில் பாட்டு நின்றுபோனது. கூடத்தில் இரண்டு, அடுப்படியில் ஒன்று, மாடியில் ஒன்று என்று கூரையிலேயே பதித்து வைத்த ஸ்பீக்கர்கள் நான்கும் வாயை மூடிக்கொண்டன. அவற்றைப் போனிலிருந்து பாட வைக்கிற ஆப்பைப் புதுப் போனில் இறக்கப் போனால், 'இந்தச் செயலி உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். அந்த ஸ்பீக்கர்களுக்குப் பாட்டை அனுப்புகிற மூன்று வருஷப் பழைய பாட்டுப் பெட்டியை அந்தப் போனுக்குப் பிடிக்கவில்லையாம். போனுக்கெல்லாம் பிடித்தது பிடிக்காதது வந்துவிட்ட காலம், யாரைப் போய்க் கேட்க!

ராஜராஜனுக்கு இதனால் குடி முழுகிப்போகவில்லை. ஜெயங்கொண்டத்தில் முந்திரி குடோன் வைத்திருக்கிற மனிதர். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், கை ஈரம் காய்வதற்குள் திரும்பப் போய்விடுவார். அவதியெல்லாம் அவர் மனைவி அம்பிகாவுக்குத்தான். மகள் பூங்குழலி வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போன பிறகு, பகல் முழுக்க அந்த வீட்டில் அவளுக்குத் துணையாக இருந்தது பாட்டுதான். பழைய போனில் ஆப் இன்னமும் இருந்தது. ஆனால் அதன் பேட்டரி உப்பிப்போய், சார்ஜர் வயரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும், குத்தியே வைத்தால் வெடித்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள், "ஏங்க, பொட்டி வாங்குன அந்த அரியலூர் கடைக்கு ஒரு போன் போடுறீங்களா, இல்ல நானே பஸ் ஏறிப் போவட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் ராஜராஜன் கடைக்காரர் தர்மராஜிடம் பேசினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்துவிட்டது. இருபத்தெட்டு வயது இருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தோளில் பை, சட்டைப்பையில் ரஞ்சித்குமார் என்று பெயர் அட்டை. செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றிவிட்டு, "கடையிலேர்ந்து வரேங்கம்மா" என்றான். அம்பிகாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. ஒழுங்கான பிள்ளை. காபி போட்டு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"உடையார்பாளையம் பக்கந்தாங்கம்மா."

"அட, எங்க சின்ன மாமனார் வூடும் அங்கதான். நீங்க எந்தத் தெரு?"

"காலனிங்கம்மா."

எந்த ஊர் என்று கேட்டதோடு விட்டிருக்கலாம். தெருவைக் கேட்காமல் நமக்குத்தான் தூக்கம் வராதே! சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று அம்பிகா கற்பூரம் அடித்தே சத்தியம் செய்வாள். ரஞ்சித்குமார் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டுபோய், வீட்டு டம்ளர்களோடு சேர்த்தே போட்டாள். இந்த விஷயத்தில் தான் மாமியாரைப் போல இல்லை என்று அவளுக்குள் ஒரு பெருமை உண்டு.

அவன் பழைய போனை வாங்கிப் பார்த்தான். கம்பெனிக்காரன் பழைய ஆப்பைக் கைவிட்டுவிட்டான் என்றும், புது ஆப் புதுப் போனில் ஏறும் என்றும், ஆனால் பெட்டிக்குள் இருக்கிற பழைய சாப்ட்வேரை மாற்றினால்தான் அது புது ஆப்போடு பேசும் என்றும் பொறுமையாகச் சொன்னான். அந்த மாற்றத்தைப் பழைய போனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டுமாம். கால் மணி நேர வேலை.

"பொட்டி எங்கங்கம்மா இருக்கு?"

"சாமி ரூம்ல."

வயர் எல்லாம் வந்து சேர்கிற இடம் அதுதான் என்று வீடு கட்டியபோது எலெக்ட்ரீஷியன் அங்கே வைத்துவிட்டான். சாமி பாட்டுப் பாடுகிற பெட்டி சாமியோடவே இருக்கட்டும் என்று ராஜராஜனும் சிரித்தார். ரஞ்சித்குமார் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் இரண்டடி வைப்பதற்குள் அம்பிகா சாமி அறை வாசலில் போய் நின்றுகொண்டாள். எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீங்க இருங்க தம்பி. என்ன செய்யணும்னு சொல்லுங்க, நான் பாத்துக்குறேன்."

அவன் ஒரு நொடி நின்றான். "பொட்டி வெளக்குப் பக்கத்துல இருக்கேன்னு பாக்குறீங்களா? நான் எதையும் தொட மாட்டேங்கம்மா. பொட்டிய மட்டுந்தான்..."

"இல்ல தம்பி, அதுக்கில்ல. எடம் பத்தாது. நீங்க ஒக்காருங்க."

அந்த அறையில் நாலு பேர் தாராளமாக நிற்கலாம். அவனுக்கும் அது திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. "சரிங்கம்மா" என்று திரும்பிப்போய், கூடத்தில் சார்ஜர் குத்தியிருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அம்பிகாவுக்கு முகம் சுட்டது. இருந்தாலும் வாசலை விட்டு நகரவில்லை.

பழைய போனில் அவன் ஆரம்பித்தான். பெட்டியில் ஆரஞ்சு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அவள் உள்ளே போய் நின்று அதைச் சொன்னாள். "அதான் வேணும். வெள்ள வெளிச்சம் வர்ற வரைக்கும் கரண்ட் மட்டும் போகக் கூடாதுங்கம்மா. போச்சுன்னா பொட்டி செத்துரும்" என்றான். நடுவில் ஒரு தடவை, தான் சொல்லும்போது மட்டும், பெட்டியின் முன்பக்கம் இருக்கிற சின்னப் பட்டனைத் தொட வேண்டும் என்றும் சொல்லிவைத்தான்.

சும்மா இருப்பதற்கு அம்பிகாவுக்குச் சங்கடமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனிடம், வேலை எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

"போவுதுங்கம்மா. போன மாசம் பெரம்பலூர்ல ஒரு வூட்டுல டிவி மாட்டப் போனோம். கண்ணாடி கீறிப்போச்சு. என்கூட வந்தவன் பண்ணுனது, பேரு என் மேல வுழுந்துடுச்சு. இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா கடைப்பக்கம் வராதன்னு ஓனரு சொல்லிட்டாரு. வூட்டுல இப்பதான் கைக்குழந்த."

"அதெல்லாம் ஒண்ணும் வராது தம்பி. நான் இருக்கேன்ல" என்றாள் அம்பிகா. மனசாரத்தான் சொன்னாள்.

சொல்லி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. தெருவில் முந்திரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தது. அதன் ரிவர்ஸ் ஹாரன் வீடு முழுக்க அலறியது. அந்த நேரம் பார்த்துத்தான் போனில் செய்தி வந்தது, முப்பது நொடிக்குள் பட்டனைத் தொடச் சொல்லி.

"அமுத்துங்கம்மா! அமுத்துங்க!" என்று ரஞ்சித்குமார் கூடத்திலிருந்து கத்தினான்.

நம் பக்கத்தில் பட்டனை அமுத்துவார்கள். லைட்டை அமத்துவார்கள், அடுப்பை அமத்துவார்கள், அதாவது அணைப்பார்கள். ஒரு சின்ன உகரந்தான் வித்தியாசம். நேருக்கு நேர் நின்று பேசினால் வாயைப் பார்த்தே தெரிந்துவிடும், கையால் காட்டிவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று லாரிச் சத்தத்தில் கத்தினால் எந்தக் காதுக்குத் தெரியும்? அம்பிகாவுக்கு விழுந்தது 'அமத்துங்க'தான். அவ்வளவு அவசரமாகக் கத்துகிறானே, ஏதோ ஆபத்து போலிருக்கிறது என்று பயந்துபோய், சுவரில் இருந்த சுவிட்சை டக்கென்று அமத்திவிட்டாள். ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

"அமத்திட்டேன் தம்பி!"

அவன் சாமி அறை வாசலுக்கு வந்தான். நிலைப்படிக்கு வெளியேயே நின்றான். "சுவிட்சையா அமத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் திரும்பப் போட்டாள். விளக்கு வரவில்லை. பத்து எண்ணிவிட்டுப் போடச் சொன்னான், வரவில்லை. பின்பக்கம் ஊசித் துளையில் குத்தச் சொன்னான். அவள் சேலைப் பின்னைக் கழற்றிக் குத்தினாள், அவசரத்தில் துளை எது, திருகாணி எது என்றுகூடத் தெரியவில்லை. அப்போதுகூட, 'நீங்களே வந்து பாருங்க தம்பி' என்கிற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அவனும் கேட்கவில்லை.

ராஜராஜன் சாப்பாட்டுக்கு வந்தபோது இருவரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, பாட ஆரம்பிச்சிடுச்சா?"

"பொட்டி போயிடுச்சுங்க சார். அப்டேட் நடுவுல கரண்ட் நின்னுடுச்சு" என்றான் ரஞ்சித்குமார். அம்பிகாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

"கரண்ட் எங்க நின்னுச்சு? தெருவுல எல்லா வூட்டுலயும் இருக்கே. நோண்டித் தொலச்சிட்டியா?" ராஜராஜனுக்குக் குரல் ஏறியது. "ஆப்பு பொருந்தலன்னு கூப்புட்டா பொட்டியவே கொன்னுட்டியே! கண்டவனையும் உள்ள வுட்டா இப்படித்தான்." அந்த வேகத்திலேயே தர்மராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எல்லோரும் கேட்க வேண்டும் என்றுதான்.

நான்தான் அமத்தினேன் என்று சொல்வது அம்பிகாவுக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. கணவர் அரை மணி நேரம் கத்துவார், பிறகு சோறு கேட்பார். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும். அவன் இருக்கும்போது நீ எதுக்கு உள்ளே போனாய்? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. ஊருக்கெல்லாம் நல்லவள் என்று பெயர் எடுத்தவள், அவன் முகத்துக்கு நேராக அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டிருந்தாள், சண்டாளி. ராஜராஜன் நடந்ததையும் நடக்காததையும் சேர்த்துக் கடைக்காரரிடம் கொட்டி முடிக்கிற வரைக்கும் மூடிக்கொண்டேதான் இருந்தாள்.

"ரஞ்சித்தா? மறுபடியும் அவனா?" தர்மராஜின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "விடுங்கண்ணே, இன்னியோட அவன நிறுத்திடுறேன். நாளைலேர்ந்து கடைக்கு வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

ரஞ்சித்குமார் பையின் ஜிப்பை மூடினான். அது பாதியில் மாட்டிக்கொண்டது. அவன் அதை இழுத்துக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் அம்பிகாவால் முடியவில்லை.

"ஏங்க, அவருகிட்ட நான் பேசணும்." கணவர் கையைப் பிடித்துப் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "தம்பி மேல தப்பு இல்லீங்க. நான்தான் சுவிட்ச அமத்துனேன்."

ராஜராஜன் வாயைப் பிளந்தார். போனில் தர்மராஜும் தடுமாறினார். "நீங்க எப்படிங்கக்கா? அவன் எங்க இருந்தான்?"

"கூடத்துல."

"பொட்டி சாமி ரூம்ல இருக்குன்னு அண்ணன் சொன்னாரே. வேலைக்கு வந்தவன் கூடத்துல என்ன பண்ணுனான்?"

"நான்தான் உள்ள விடல. காலனின்னு சொன்னாரு. நான் வாசல்லயே மறிச்சுட்டேன். அவரு வெளியேர்ந்து சொன்னது எனக்குச் சரியா காதுல வுழல. எல்லாம் என்னாலதான். அவர வேலைய வுட்டு நிறுத்தாதீங்க."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. இனி யார் என்ன திட்டினாலும் சரி. கடைக்காரர் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று காத்திருந்தாள்.

"அட, அவ்ளோதானாக்கா?" தர்மராஜ் சிரித்தார். "இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா வேற ஆள அனுப்பியிருப்பேன்ல! என் தப்புதான், மன்னிச்சுக்குங்க. பெருந்தனமான வூடு, நானே யோசிச்சிருக்கணும். அவன நிறுத்தலக்கா, இருக்கட்டும். இனிமே வூடுங்களுக்கு அவன அனுப்பல, கடை கண்ணி வேலையா பாத்து அனுப்பிக்குறேன். உங்களுக்குப் புதன்கிழம வேற ஆள் வருவான்."

"அதுக்கு நான் சொல்லலீங்க..." என்று அம்பிகா ஆரம்பித்தாள். ராஜராஜன் போனை வாங்கிக்கொண்டார். அவர் குரலும் தணிந்திருந்தது. "சரிப்பா, புதன்கிழம அனுப்பு" என்று வைத்துவிட்டு, ரஞ்சித்குமாரைப் பார்க்காமல் கை கழுவப் போனார். அடுப்படிப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

ரஞ்சித்குமார் வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். அம்பிகா பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, நான் உங்களக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன். சத்தியமா. நான் செஞ்ச தப்பத்தான் சொன்னேன்."

"தெரியுதுங்கம்மா" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீங்க உங்க தப்பத்தான் சொன்னீங்க. அவங்க காதுல என் தெருதான் வுழுந்துச்சு."