முப்பது நாட்டுக்காரர்களும் ஒரு தாய்மாமனும்

ஓப்புவோ ஊரிலிருந்து உவாபெங்கா என்ற பெரியவரின் குடியிருப்புக்கு ஜீப்பில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் நான் வாயை மூடாமல் பேசுவேன். அதற்குத்தான் சம்பளம். மாடு மேய்த்துப் பழைய வழக்கப்படியே வாழும் ஹிம்பா பழங்குடி மக்களைப் பார்க்க ஆசையாக வருகிறவர்களுக்கு, ஒரு ஹிம்பாக்காரனே கால்சட்டையும் கால்பந்து டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவது கொஞ்சம் ஏமாற்றம்தான். "நீங்களும் அவங்கள்ல ஒருத்தரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் என்னை இன்னொரு முறை பார்ப்பார்கள், கடைக்காரன் எடையைக் குறைத்துவிட்டானோ என்று பையைப் பார்ப்பது மாதிரி. கதும்பே என்ற என் பெயரும் அவர்கள் வாயில் நுழையாததால் எட்டு வருடமாக நான் டாம்.

அன்றைக்கு வந்தவர்கள் பெல்ஜியத்துத் தம்பதி. மார்கிரீட் அம்மாள் ஓய்வுபெற்ற நீதிபதி. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண் இமைக்க மாட்டார். கணவர் யோஸ்ட் பேசுவதே இல்லை, படம் எடுப்பார். என் ஜீப்பின் டயரை மட்டும் ஆறு படம் எடுத்திருந்தார்.

வழக்கமான பாடத்தைச் சொன்னேன். "வீட்டு வாசலுக்கு எதிர்ல ஒரு நெருப்பு புகைஞ்சுகிட்டே இருக்கும். முன்னோர்கள்கிட்ட பேசுற நெருப்பு. அந்த நெருப்புக்கும் பெரிய வீட்டு வாசலுக்கும் நடுவுல வெளியாள் நடக்கக் கூடாது. தரையில கோடு எதுவும் தெரியாது. ஆனா கோடு இருக்கு. சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேனாம். அறையில் கூட இருந்த நண்பன் இதனாலேயே வேறு அறை பார்த்துக்கொண்டு போனான்.

அவர்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அன்றைக்கு நான் உவாபெங்காவிடம் அவருடைய மகள் மெசேபாவைப் பெண் கேட்கப் போகிறேன்.

மெசேபா முதல் கல்யாணம் சரிப்படாமல் அப்பா வீட்டுக்குத் திரும்பி மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது பயணிகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். வேறு குடியிருப்புகளும் உண்டு, சாலையும் நன்றாக இருக்கும். "இந்த வீடுதான் அசல்" என்று பயணிகளிடம் சொல்வேன். பொய்யில்லை. எனக்கு அதுதான் அசல்.

போய் இறங்கியதும் மெசேபாதான் முதலில் வந்தாள். உடம்பெல்லாம் செம்மண்ணும் வெண்ணெயும் குழைத்துப் பூசி, காலை வெயிலில் புது மண்பானை மாதிரி இருந்தாள்.

"என்ன வண்டிக்காரா, இன்னைக்கு எந்த நாடு?"

"பெல்ஜியம்."

"அது எங்க இருக்கு?"

"எனக்கும் தெரியாது. குளிர்ற ஊரு."

"எதைக் கேட்டாலும் தெரியாது. உனக்கு யாரு வழிகாட்டின்னு பேரு வெச்சது?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த மாவு மூட்டையை என் கையிலிருந்து பிடுங்கி ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நான் அதை வண்டியிலிருந்து இறக்குவதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்கியிருந்தேன்.

உவாபெங்கா நெருப்புக்குப் பக்கத்தில் தாழ்வான மர முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லி, மாடு சுகமா, மழை உண்டா, உடம்பு எப்படி என்று ஒரு சுற்று முடிந்தது. சர்க்கரையும் எண்ணெயும் புகையிலையும் கொடுத்தோம். புளித்த பால் வந்தது. யோஸ்ட் அதைக் குடிப்பதற்கு முன் படம் எடுத்தார், குடித்த பிறகு எடுக்கவில்லை.

பெண் கேட்கிற பேச்சை எப்படித் தொடங்குவது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது மார்கிரீட் அம்மாள் முந்திக்கொண்டார்.

"டாம், அவரைக் கேளுங்க. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்னென்ன பார்ப்பார்?"

எனக்குப் பால் புரை ஏறியது. ஆனாலும் தொழில் தொழில்தானே. கேட்டேன்.

உவாபெங்கா புகையிலையைக் கிள்ளி மூக்கில் வைத்து, நிதானமாக ஒரு தும்மல் போட்டார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவே இல்லை.

"சொல்லுப்பா அந்தம்மாகிட்ட. இங்க ஒருத்தன் வாரா வாரம் வர்றான். வண்டி வெச்சிருக்கான், அதுவும் அவனோடது இல்ல. இதுவரைக்கும் முப்பது நாட்டுக்காரங்களை என் வாசலுக்குக் கூட்டிட்டு வந்துட்டான். குளிர்ற ஊர்க்காரன், குள்ளமானவன், மீசைக்காரன், எல்லாரையும் நான் பார்த்தாச்சு. அவனோட சொந்தக்காரன் ஒருத்தனைக்கூட இன்னும் பார்க்கல. என் பொண்ணை அவன் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். ஆனா பொண்ணு கேட்டு வர ஒரு தாய்மாமன் இல்லாதவன், மரத்துலேருந்து விழுந்தானா, மழையில முளைச்சானா? இந்த மாதிரி ஆளுக்கு நான் ஆட்டுக்குட்டியைக்கூடக் கொடுக்க மாட்டேன்."

மார்கிரீட் அம்மாள் என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"உழைக்கிறவனா இருக்கணும்கிறார்," என்றேன். "பெரிய குடும்பமா இருந்தா நல்லதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் முப்பது வருஷம் நீதிமன்றத்துல மொழிபெயர்ப்பாளர்களோட வேலை பார்த்தவ, டாம். அவர் ரொம்ப நேரம் பேசினார். நடுவுல நீங்க ரெண்டு தடவை தரையைப் பார்த்தீங்க."

வாசலில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்த மெசேபா தலையைத் தூக்கினாள். பயணிகளிடம் பொறுக்கிய ஆங்கிலம் அவளிடம் ஒரு கைப்பிடி உண்டு. அதை எடுத்து வீசினாள். "பொய். இந்த ஆள் பொய். அப்பா திட்டு. இந்த ஆளைத் திட்டு."

"அட!" என்றார் யோஸ்ட். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

அவமானத்தில் என் காதெல்லாம் கொதித்தது. வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்து வருகிறேன் என்று ஏதோ முனகிவிட்டு எழுந்தேன். விடுவிடுவென்று நடந்தேன்.

பத்தடி போன பிறகுதான் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை என்பது உறைத்தது. ஆடுகள்கூடக் கத்தவில்லை என்று சொல்வேன், ஆனால் அது என் கற்பனையாக இருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். எனக்கு இடது பக்கம் நெருப்பு. வலது பக்கம் பெரிய வீட்டு வாசல், அதில் மெசேபா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நட்டநடுவில் நான்.

மார்கிரீட் அம்மாள் மெதுவாகச் சொன்னார். "நீங்க கோட்டைத் தாண்டிட்டீங்க."

எட்டு வருடத்தில் என் பயணி ஒருவர்கூடத் தாண்டியதில்லை. மூன்று வயதுக் குழந்தைகளைத் தோளில் தூக்கிச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறேன். குடித்துவிட்டு வந்த ஒருவரைக்கூடக் கையைப் பிடித்து ஒழுங்காக நடத்தியிருக்கிறேன்.

உவாபெங்கா உடனே என்னைத் திட்டவில்லை. நெருப்பைக் கிளறி ஒரு சுள்ளியை வைத்தார். எங்களிடம் பேசுகிற குரலில் இல்லாமல், தாழ்ந்த குரலில் நெருப்பிடம் சொன்னார்.

"ஒருத்தன் குறுக்கே நடந்துட்டான். யாருன்னு பிறகு சொல்றேன்."

"இதுக்கு என்ன தண்டனை?" என்று மார்கிரீட் அம்மாள் கேட்டார். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையும் விழுங்காமல் மொழிபெயர்த்துக் கேட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"வெளியாளா இருந்தா ஒரு ஆடு கொடுக்கணும்," என்றார் உவாபெங்கா. "வீட்டு மனுஷனா இருந்தா ஒண்ணுமில்ல. வீட்டு மனுஷன் நடக்கலாம்."

"நான் யாரு ஐயா?" என்றேன். பெண் கேட்பதற்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் போய், மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான்.

"அதை எங்கிட்ட கேட்டா? மூணு வருஷமா நானும் அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன். உன்னைப் பிறந்ததுலேருந்து தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து என் முன்னால உட்கார்ந்து, இவன் எங்க பையன்னு சொல்லட்டும். அப்புறம் ஆடா, இல்லையான்னு முடிவு பண்றேன். இந்தப் புது நிலா தேயறதுக்குள்ள வரணும். அதுக்கு மேல முன்னோர்களைக் காக்க வெக்க முடியாது. என் பொண்ணையும்தான்."

நாங்கள் கிளம்பும்போது வண்டிக்கு மெசேபா வந்தாள். கண்ணாடியில் செம்மண் ஒட்டாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு மாமன் இருக்காரா, இல்லையா?"

"இருக்கார்."

"செத்துட்டார்னு நெனச்சேன். அவரைப் பத்தி நீ பேசினதே இல்ல."

சொன்னேன். பஞ்ச வருடத்தில் மாமன் வெதாமுனா தன் மந்தையை என்னிடம் கொடுத்து மேய்ச்சலுக்கு அனுப்பியது. ஓப்புவோவில் கால்பந்து இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்க, ஒரே ஒரு நாள் என்று மந்தையை விட்டுப் போனது. அது நாலு நாள் ஆனது. திரும்பி வந்தபோது பாதி மாடுகள் தண்ணீரில்லாமல் விழுந்து கிடந்தது. மாமனிடம் போகாமல் அப்படியே நகரத்துக்கு ஓடிவந்தது. பதினோரு வருடம்.

"போட்டியில யாரு ஜெயிச்சாங்க?"

"நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க."

"நல்லா வேணும்," என்றாள். பிறகு, "போ. காலை ஒடிச்சார்னா நான் பார்த்துக்கறேன். உன் காலு கிளட்ச் மிதிக்கத்தானே, வேற எதுக்கு?"

மறுநாள் பெல்ஜியத்துக்காரர்களின் திட்டத்தில் எப்பூப்பா நீர்வீழ்ச்சி இருந்தது. அந்தச் சாலையில் ஒரு மொப்பானே மரத்தடியில் வலது பக்கம் ஒரு மண்பாதை பிரியும். எட்டு வருடமாக, அந்த இடம் வந்தால் இடது பக்க மலையைப் பற்றி ஆவேசமாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். அந்த மலையில் விசேஷம் ஒன்றுமே கிடையாது. அன்றைக்கு வண்டியை நிறுத்தினேன்.

"திட்டத்துல இல்லாத ஒரு வீடு இருக்கு," என்றேன். "நடனம் கிடையாது. கைவினைப் பொருள் கிடையாது. எனக்குத் திட்டு உண்டு. அடியும் கிடைக்கலாம்."

"படம் எடுக்கலாமா?" என்றார் யோஸ்ட்.

"வேண்டாம்."

கேமராவைப் பையில் வைத்து மூடினார்.

மாமன் வெதாமுனா மாடுகளைக் கிணற்றுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். ஜீப்பைப் பார்த்தார், வெள்ளைக்காரர்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் கழிச்சு வர்றே. சாட்சிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு."

"மாமா, மாடு..."

"மாடு செத்தது எனக்குத் தெரியும். நாலு நாள்ல சேதி வந்துடுச்சு. நீ சாகலைன்னு சொல்ல எவனாவது வந்தானா? உங்கம்மா ஆத்தங்கரையில ஒரு வருஷம் உன் எலும்பைத் தேடினா."

மார்கிரீட் அம்மாள் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. திரும்பி, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரெண்டு பேரையும் நிழல்ல உட்காரச் சொல்லு. மாடு தண்ணி குடிச்சாகணும். அது முடிஞ்சு வந்து உன்னை அடிக்கிறேன்."

"நானும் வர்றேன் மாமா. ஓட்டுறேன்."

"என் மாட்டை நீ ஓட்டவா?" என்று கையிலிருந்த கோலை மார்போடு அணைத்துக்கொண்டார். "பின்னால வா. எதையும் தொடாதே."

மாடுகளுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். சந்தையில் வாங்கிய காலணிக்குள் மணல் புகுந்தது. முன்னால் போன மாடு ஒன்று வாலைத் தூக்கி, நகரத்திலிருந்து வந்தவன் என்ற மரியாதை இல்லாமல் என் பாதையிலேயே சாணம் போட்டது. பாதித் தூரம் போனதும், திரும்பிப் பார்க்காமலே மாமன் கேட்டார்.

"யாரு வீட்டுப் பொண்ணு?"