துனியா பார்த்த தூண்

துனியாவுக்குப் பதினொரு வயது. கையும் காலும் அவள் சொன்னபடி கேட்பதில்லை, நாக்கும் அப்படித்தான். கண் மட்டும் கேட்கும். ஹோண்டுராஸின் வடகரையில் இருந்த அந்தச் சிறப்புப் பள்ளிக்கு, அந்தக் கண்ணை நம்பித்தான் ஆகஸ்ட் மாதம் ஒரு திரை வந்து சேர்ந்தது. திரை நிறையப் படங்கள். எந்தப் படத்தை அவள் உற்றுப் பார்க்கிறாளோ, அதற்குரிய சொல்லை இயந்திரம் ஒரு நடுவயதுப் பெண்ணின் குரலில் சொல்லும்.

முதல் வாரத்திலேயே டீச்சர் ஐவெத் தலைகுனிந்து போனாள். ஆறு வருஷமாகத் தன் கையாலேயே ஊட்டிவந்த பப்பாளிச் சாறு துனியாவுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். "வேண்டாம். வேண்டாம்" என்று இயந்திரம் இரண்டு முறை சொன்னது. வகுப்பே சிரித்தது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி வேனிலிருந்து இறக்கித் திரையைப் பொருத்தியதும் துனியா சொன்னாள்: "ஆறு. உடைஞ்சு போச்சு."

"எது உடைஞ்சுது கண்ணு? உன் நாற்காலியா?"

"இல்லை."

"திரையா?"

"இல்லை. ஆறு. கீழே. உடைஞ்சு போச்சு."

அன்று முழுக்க அதே பேச்சு. சாப்பாட்டுக்குத் தொர்த்தியா ரொட்டியும் மசித்த பீன்ஸும் வந்தபோதும் அதேதான். செவ்வாயன்றும் நிற்கவில்லை. தலைமையாசிரியை லெத்தீசியா வாசலில் நின்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மெஷின் உளறுது ஐவெத். ஈரம் உள்ள போயிருக்கும்."

ஐவெத் திரையில் கண்ணைக் கவனிக்கும் கேமராவைத் துடைத்துப் பார்த்தாள். சன்னல் எங்கே, கதவு எங்கே என்று கேட்டுச் சோதித்தாள். துனியா ஒன்றில்கூடத் தப்பவில்லை. கடைசியில் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அப்போதுதான் ஐவெத்துக்கு உறைத்தது. தண்ணீர், பசி, சந்தோஷம், பாட்டு, பொம்மை போனால் சொல்ல ஒரு 'உடைஞ்சு போச்சு' என்று அந்தத் திரையில் இருந்ததெல்லாம் பெரியவர்கள் பார்த்து வைத்த அன்றாடச் சொற்கள். பயப்படுவதற்கு ஒரு சொல்லைக்கூட யாரும் வைக்கவில்லை.

அன்று மாலை அவளும் வேனில் ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் ரிகோ பின்னால் திரும்பிச் சிரித்தார்.

"என்ன டீச்சர், எம்மேல நம்பிக்கை இல்லாம வேவு பாக்க வந்தீங்களா?"

"ஓட்டுங்கண்ணே. இவ எதைப் பாக்குறான்னு பாக்கணும்."

துனியாவின் நாற்காலியை வேனின் பின்பக்கத்தில் பக்கவாட்டாகத்தான் மாட்டுவார்கள். அவள் தலை எப்போதும் இடப்பக்கம் சரிந்தே இருக்கும். ஐவெத் தரையில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்தோடு கன்னம் வைத்து, கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதலில் வாழைத்தோட்டம். அப்புறம் பாலத்துக்கு முந்தைய வளைவு. அங்கே ஒரே ஒரு கணம், கரையின் சரிவுக்குக் கீழே நடுத்தூணின் அடி தெரிந்தது.

அடியே இல்லை. வெள்ளம் மண்ணைக் குடைந்து தின்றிருந்தது. கம்பிகள் வேர்போலத் தொங்க, தூண் சொத்தைப் பல் மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

வாயைத் திறப்பதற்குள் வேன் பாலத்தின்மேல் ஏறிவிட்டது. வேனில் ஆறு குழந்தைகள். சக்கரத்தடியில் பலகை அதிர்வதுபோல் ஒரு மெல்லிய நடுக்கம். துனியா கண்ணை இறுக மூடியிருந்தாள். தினமும் இரண்டு வேளை இந்தப் பிள்ளை இப்படித்தான் கடந்திருக்கிறாள்.

அக்கரையில் இறங்கி ரிகோவிடம் சொன்னாள்.

"பத்தொம்போது வருஷமா இதுலதான் ஓட்டுறேன் டீச்சர். லாரியே போவுது" என்றார் அவர். ஆனால் சிரிக்கவில்லை.

நகராட்சிக்குத் தொலைபேசியில் சொன்னாள். வியாழக்கிழமை பொறியாளர் வருவார் என்றார்கள். லெத்தீசியாவோ, "பெத்தவங்களைக் கலவரப்படுத்தாத. வியாழன்னா நாளன்னிக்குத்தானே" என்றாள். மறுநாள் காலை ரிகோ குழந்தைகளை மலைப்பாதையில் சுற்றி அழைத்துவந்தார். ஒன்றரை மணி நேரம் தாமதம். லெத்தீசியா கத்தினாள். சாயங்காலம் பாலத்து வழியாகத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் ரிகோவின் வேலை போய்விடும் என்றாள். ஐவெத் உட்கார்ந்து திரையில் புதிய படங்களைச் சேர்த்தாள். பாலம். விழும். பயம். யாரு. ஏன்.

புதன் மாலை மழை சாட்டையாக அடித்தது. ஐவெத் திரையைக் கழற்றாமல் துனியாவின் நாற்காலியிலேயே விட்டு, தானும் வேனில் ஏறியிருந்தாள். வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து அந்தப் பெண்குரல் கேட்டது.

"ரிகோ. பாலம் விழும். ரிகோ. பயம்."

ரிகோ பாலத்தின் முகப்பில் பிரேக் போட்டார்.

"என் பேரை எப்பத் திரையில போட்டீங்க?"

"மத்தியானம். அவதான் கண்ணால உங்களைக் காட்டிக் கேட்டா."

அவர் வேனை வளைவுவரை பின்னுக்கு எடுத்தார். இறங்கிப் பின்கதவைத் திறந்து, அந்தப் பருத்த உடம்போடு தரையில் மண்டியிட்டு, துனியாவின் கன்னத்தருகே தலையைச் சாய்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"அட பாவி மவனே ரிகோ" என்று தன்னையே திட்டிக்கொண்டு போய், வேனைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி விளக்குகளை எரியவிட்டார். குழந்தைகளை இறக்கி, மேட்டிலிருந்த தேவாலயக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். வந்த இரண்டு லாரிகள் நின்றன. ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. பின்னால் பாலாடைக்கட்டிப் பெட்டி கட்டியிருந்தது.

"போகாதய்யா, தூணு போயிருச்சு!" என்று ரிகோ கத்தினார்.

"உன் வண்டிய எடுத்துட்டுப் போய்யா! சரக்கு நனையுது!"

வண்டிக்காரன் வேனுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் நுழைந்து போய்விட்டான். பாதிப் பாலம்வரை அவன் சிவப்பு விளக்கு தெரிந்தது. அப்புறம் பெரிய சத்தம்கூட இல்லை. கிழவன் ஒருவன் பெருமூச்சோடு உட்காருவதுபோல் பாலம் நடுவில் இறங்கியது. விளக்கைக் காணவில்லை.

கொட்டகையிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஐவெத் துனியாவின் கண்ணைப் பொத்தப் போனாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாய்மார் அலறியது மழையைத் தாண்டி வந்தது. வேன் இக்கரையில் நிற்பது அவர்களுக்குத் தெரிய ரிகோ ஹார்னை அழுத்தியபடியே இருந்தார், அழுதபடியே.

வியாழக்கிழமை பொறியாளர் சொன்னபடி வந்து, கரையில் குடைபிடித்து நின்றார். வெள்ளிக்கிழமை அந்த மோட்டார் சைக்கிள்காரன் கீழாற்றில் பிணமாகக் கிடைத்தான்.

பாலம் விழுவதை முன்பே சொன்ன பிள்ளை என்று ஊர் துனியாவைத் தேடி வந்தது. மெழுகுவத்தி கொண்டுவந்தார்கள். என் மகன் ஊர் திரும்புவானா, என் வீட்டுச் சுவர் நிற்குமா என்று கேட்டார்கள். லெத்தீசியாதான் வாசலில் நின்று எல்லோரையும் விரட்டினாள். துனியா திரையின் பக்கமே திரும்பவில்லை. பதினொரு நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஐவெத் வேறு ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் குரல் கேட்டது.

"யாரு."

ஐவெத் எழுந்துபோய் அருகில் உட்கார்ந்தாள். "பாலத்துல போனவரா? அவர் பேரு எல்மர், கண்ணு. மலைமேல இருந்து பாலாடைக்கட்டி கொண்டாந்து விப்பாராம். ரெண்டு பொண்ணுங்க."

துனியா அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு" என்றது இயந்திரம், மறுபடியும் அதே நிதானமான குரலில்.

ஐவெத் முதலிலிருந்து சொன்னாள்.