பசி தெரியாத பாக்டீரியா

வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஈ காக்கை கிடையாது. கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. அதனால் விடுமுறையிலும் ஆய்வகத்துக்குப் போய், குடுவையிலிருந்த பாக்டீரியாவைப் புது ஊட்டக் கரைசலுக்கு மாற்றுவேன். ஒருநாளும் தவறியதில்லை. "செவிலித்தாய் வந்தாச்சு" என்று கூட வேலைபார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். உடம்பு வணங்காதவர்களின் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த பாக்டீரியா மாவுச்சத்தைத் தின்று பியூட்டனால், அசிட்டோன் என்று கரைப்பான்கள் தருகிற இனம். முதலில் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். அமிலம் சேர்ந்து, இரையும் குறைந்தபின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும். ஒரு மாதமாக அந்த இரண்டாவது வாடையைக் காணோம். எனக்குத்தான் ஜலதோஷம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

என்னைவிட இளையவரான தலைமை விஞ்ஞானி சோதித்தார். கரைப்பான் துளியும் இல்லை. கொஞ்சம் எடுத்து எண்பது டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தார். காலம் கெட்டால் இந்த பாக்டீரியா தடித்த ஓட்டுக்குள் ஸ்போராகித் தூங்கும். ஸ்போர் அந்தச் சூட்டைத் தாங்கும். எங்களுடையதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பசிக்கவே விடாம ஊட்டியிருக்கீங்கக்கா. கரைப்பானுக்கும் ஸ்போருக்கும் மரபணுவுல ஒரே சுவிட்சுதான். அதுக்கு வேலையே இல்லன்னா, சுவிட்ச் கெட்டதுங்கதான் பெருகும்."

மிச்சம் இருந்தது ஒரே கண்ணாடிக் குழாய். பதினொரு வருடத்துக்கு முன் ஸ்போர்களை மண்ணில் காயவைத்து நான் மூடியது. அதுவும் செத்திருந்தால் இனமே போயிற்று. அன்று வாசலில் கணவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அரக்கப்பரக்க மூடிவிட்டு ஓடினேன். சரியாக மூடினேனா என்று இப்போது மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துச் சூடுகாட்டி, குளிரவைத்து, கரைசலில் விட்டோம். இரண்டாம் நாள் குமிழி கிளம்பியது. அதற்குப் பசிக்கட்டும், இனி நான்கு நாள் ஆய்வகப் பக்கமே வரக் கூடாது என்று விஞ்ஞானி சொல்லிவிட்டார். நான்கு நாளும் வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். இவ்வளவு தனியாக இருக்கிறேன் என்பதே அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள் குடுவையைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நுண்ணோக்கியில் ஸ்போர்கள் பளபளத்தன.

"நீங்க தொடாததாலதான் பொழச்சுதுக்கா" என்றார், பாராட்டாகவே. சிரித்துவைத்தேன். கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாலையில் ஸ்போர்களைக் காயவைத்துப் புதுக் குழாய்களில் அடைக்கச் சொன்னார். இனி வருடக்கணக்கில் அவற்றைத் தொடவேண்டாம். ஒவ்வொரு மூடியையும் நிதானமாகத் திருகினேன். வாசலில் யாரும் காத்திருக்கவில்லை.